தெத்துப்பல்லும் அறுபதாயிரம் யூனிட்டும்

1. வெயிலில் ஒரு குடை

2024 மார்ச் 11, திங்கட்கிழமை, காலை 9 மணி 40 நிமிடம். மேகம் ஒன்றுகூட இல்லை. காற்றும் இல்லை. போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் எங்கள் கிளினிக் வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் சீட்டில் கை வைக்க முடியவில்லை. அந்த வெயிலில் கைகளுக்கு உறை, முகத்தைச் சுற்றித் துப்பட்டா, அதற்கு மேல் குடை என்று மூன்று அடுக்கு மறைப்போடு நிஷா உள்ளே வந்தாள். பின்னால் அவள் அம்மா சாந்தி. இருவரும் கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பேயிலிருந்து மூன்று நாள் கப்பலில் கிடந்து வந்தவர்கள்.

பல்லுக்குக் கம்பி போடும் தொழிலில் எனக்கு நாற்பத்து நான்கு ஆண்டு. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மருமகனின் கிளினிக்கில் உட்காருகிறேன். மருமகனும் பல் டாக்டர்தான். நோயாளிகள் என்னைப் பெரிய டாக்டர் என்றும் அவரைச் சின்ன டாக்டர் என்றும் சொல்வார்கள். போர்டில் மட்டும் அவர் பெயர்தான் பெரிதாக இருக்கும். இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். படிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு அதிகம் இல்லை.

நிஷாவுக்கு இரண்டு பக்கமும் தெத்துப்பல். மேல் கோரைப்பற்கள் இரண்டும் வரிசையை விட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தன. பக்கத்துக்கு ஒரு பல்லைப் பிடுங்கி, ஏழு மில்லிமீட்டர் இடம் ஏற்படுத்தி, கோரைப்பல்லின் மேல் பிராக்கெட் என்னும் சின்ன உலோகத் துண்டை ஒட்டி, கம்பியில் கோத்துப் பின்னுக்கு இழுக்க வேண்டும். கம்பிதான் தண்டவாளம். பிராக்கெட் அதில் வழுக்கிக்கொண்டு போகும். இழுப்பதற்குப் பவர் செயின் என்னும் ரப்பர் சங்கிலி. மாதம் ஒரு மில்லி நகர்ந்தால் நல்ல வேகம்.

காலிப்பர் என்னும் அளவுக் கருவியை வைத்து அளந்தேன். எட்டு மாதத்தில் வலது மூன்று மில்லி, இடது மூன்று மில்லி. இரண்டு பக்கமும் நான்கு நான்கு பாக்கி. எட்டு மாதத்துக்கு இது வெட்கக்கேடு.

"இது என்ன வேஷம்? வாசல்ல வெயில், உள்ளே வந்தும் உறையைக் கழட்டலையே?" என்றேன், எரிச்சலை எதிலாவது காட்ட வேண்டுமே என்று.

"கலர் போயிடும் சார்," என்றாள் நிஷா.

சாந்தி விளக்கினாள். "கேபின் க்ரூ வேலைக்குப் போகப்போறா இல்லையா டாக்டர் சாப், இவ அத்தை சொல்லிவெச்சிருக்கா, தூப்ல, வெயில்ல காஞ்சா செலக்ட் பண்ண மாட்டாங்கன்னு. ஒரு வருஷமா பகல்ல வாசப்படி தாண்டுறதில்ல. துணி காயப்போடக்கூட நான்தான்."

"ப்ளேனுக்குள்ள வெயில் அடிக்காது. அந்தமட்டும் நல்ல ஏற்பாடுதான்."

அம்மா சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. தெத்துப்பல் உள்ளவர்கள் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பார்கள். இவள் அந்தச் சிரமத்தையும் எடுத்துக்கொள்வதில்லை.

"ஆகஸ்ட்ல சென்னையில இன்டர்வியூ சார். வாயில கம்பி இருந்தா உள்ளேயே விடமாட்டாங்களாம். அதுக்குள்ள எடுத்துடுவீங்களா?"

"இவ அப்பா ஒரே பேச்சா சொல்லிட்டாரு டாக்டர் சாப்," என்று சாந்தி குரலைத் தாழ்த்தினாள். "இந்த ஒரு தடவைதான். ஆகலேன்னா எங்க கடையில உக்காரணும். கார் நிக்கோபார்ல பையனும் பாத்துவெச்சாச்சு. அவன் இருபத்தேழு எருமை வெச்சிருக்கான்."

"எருமை இல்லம்மா, பன்னி," என்றாள் நிஷா. அவள் அன்று உற்சாகமாகப் பேசியது அது ஒன்றுதான்.

ஐந்து மாதத்தில் நான்கு மில்லி. இருந்த வேகத்தில் போனால் நடக்காது. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது மருமகன் என் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தார்.

"மாமா, வைட்டமின் டி பாத்துடலாமா?"

அப்போது அவர் வரவேற்பறைச் சுவரில் "வைட்டமின் ஸ்மைல் பேக்கேஜ்" என்று ஒரு போஸ்டர் ஒட்டிப் பத்து நாள் ஆகியிருந்தது. சூரியன் ஒன்று, பல் ஒன்று, இரண்டும் கைகுலுக்கிக்கொள்ளும் படம். பல்லுக்குக் கை வைத்து வரைந்தவனை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"மாப்பிள்ளை, இது அந்தமான். இங்கே வெயிலை ஓசியில் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. இங்கே போய் வைட்டமின் டி குறையுமா?"

"வெயில் இருக்கு மாமா. பொண்ணு வெயில்ல இல்லையே."

இப்படிப் பேசுகிற மருமகனை எதுவும் சொல்ல முடியாது. மரியாதை போய்விடும். அதனால் வேறு விதமாகச் சொன்னேன். "குறைவுன்னு வந்தா டெஸ்ட் காசு என் கணக்கு, மாப்பிள்ளை."

"சரிங்க மாமா," என்றார், உடனே. அந்த வேகத்தைப் பார்த்தாவது நான் உஷாராகியிருக்க வேண்டும்.

2. ஞாயிற்றுக்கிழமை வேலை

ரத்தம் விமானத்தில் மெயின்லேண்ட் போய், வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. பதினொன்று. இருபதுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருந்தார்கள். மருமகன் அதை என் மேஜையில், என் மூக்குக் கண்ணாடிக் கூட்டின் மேல், நேராக வைத்துவிட்டுப் போனார்.

இளையவர்களுக்காக ஒரு விஷயம். பல் நகர்வது என்றால், போகிற பக்கத்தில் எலும்பு கரைய வேண்டும், விட்டுவந்த பக்கத்தில் புது எலும்பு சேர வேண்டும். இந்த இரண்டு வேலையிலும் வைட்டமின் டி-க்குப் பங்கு உண்டு. ஆகவே அது குறைந்தால் பல்லின் வேகம் மாறலாம். வைட்டமின் சி-யும் அப்படித்தான். பல்லையும் எலும்பையும் பிடித்திருக்கிற நார்கள் சரியாக உருவாக அது வேண்டும். ஆனால் நான் எழுதியது "மாறலாம்." எலிகளில் நிறையப் பார்த்திருக்கிறார்கள், மனிதர்களில் கொஞ்சம்தான். பார்த்தவர்களும் ஒன்றுபோலச் சொல்லவில்லை. போஸ்டரில் அந்த "லாம்" என்ற இரண்டெழுத்துக்கு இடம் இருக்காது. சூரியனும் பல்லும் கைகுலுக்கிய பிறகு அதற்கு ஏது இடம்?

எனக்கு வேறு சந்தேகம் இருந்தது. பவர் செயின் மூன்று நான்கு வாரத்தில் தளர்ந்துவிடும். போர்ட் பிளேர்க்காரர்கள் மாதாமாதம் வந்து மாற்றிக்கொள்வார்கள். கேம்பல் பேக்காரி கப்பல் கிடைக்கும்போதுதான் வருவாள். சராசரி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஆக, பாதி நாள் அவள் வாயில் இருந்தது அலங்காரத்துக்கு ஒரு ரப்பர். ரத்தத்தில் பதினொன்றோ நூற்றுப்பத்தோ, இழுக்காத பல் எப்படி நகரும்?

சனிக்கிழமை மருமகன் எட்டு சாஷே, வைட்டமின் டி தூள் பாக்கெட், எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றும் அறுபதாயிரம் யூனிட். "வாரம் ஒண்ணு, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை, பாலில் கலந்து குடிக்கணும். அடுத்த தடவை வர்றதுக்குள்ள எட்டையும் முடிச்சிருக்கணும், சரியா?"

"பக்கா முடிச்சுருவோம்," என்றாள் சாந்தி.

நானும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். அந்த வாக்கியத்தில் அப்போது எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. மருமகனும் என் மகளும் சர்ச்சில் எட்டு மணிப் பூசைக்குப் போவார்கள். நான் ஆறு மணிப் பூசை. எட்டே காலுக்கு நிஷாவை கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தேன். ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு பக்கமும் காயில் ஸ்பிரிங் மாட்டினேன். சுருள் கம்பி. மாதக்கணக்கில் தளராமல் ஒரே பலத்தில் இழுக்கும். விலை கூடுதல், அதனால் மருமகன் அதை அலமாரியில் பூட்டிவைத்திருப்பார். சாவி எந்த டப்பாவில் இருக்கும் என்பது வீட்டுக்கே தெரியும்.

"சின்ன டாக்டர்கிட்ட சொல்லணுமா சார்?" என்று கேட்டாள்.

"சர்ச்சில இருக்கிற மனுஷனை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

செவ்வாய்க்கிழமை அவர்கள் கப்பல் ஏறினார்கள்.

3. கப்பல் முந்தியது

அடுத்த வருகை மே நடுவில் என்று வைத்திருந்தோம். ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை காலை, கிளினிக் திறக்கும் முன்பே அம்மாவும் மகளும் வாசலில் நின்றார்கள்.

"ஜஹாஜ் ரிப்பேருக்குப் போகுதாம் டாக்டர் சாப். இதை விட்டா அடுத்தது ஜூன்ல கிடைச்சாத்தான் உண்டு. செவ்வாய்க்கிழமை சொன்னாங்க, சனிக்கிழமை ஏத்திட்டாங்க. சாமான் கட்டுறதுக்குள்ள நாக்கு தள்ளிப்போச்சு."

"பாக்கெட் எல்லாம் ஒழுங்கா குடிச்சியா?" என்று நிஷாவிடம் கேட்டார் மருமகன், கையைத் துடைத்துக்கொண்டே.

"எட்டும் முடிச்சாச்சு சார்."

அவர் கை நின்றது. என் கையும்தான். மார்ச் 17-இல் தொடங்கினால் எட்டாவது ஞாயிறு மே 5.

"எப்படிம்மா எட்டு? நாலு வாரம்தானே ஆச்சு?"

சாந்திக்குக் கேள்வியே புரியவில்லை. "நாலு வாரம் நாலு. ஜஹாஜ் வந்துருச்சே. நீங்கதானே சொன்னீங்க, அடுத்த தடவை வர்றதுக்குள்ள எட்டையும் முடிச்சிருக்கணும்னு? புதன், வியாழன், வெள்ளி, சனி, தினம் ஒண்ணா குடுத்து முடிச்சு, கடைசி பாக்கெட்டைக் கப்பல் ஏறுற ஜெட்டியிலதான் கரைச்சுக் குடுத்தேன். பால் கிடைக்கல, டீயில."

இவளைத் திட்ட வாய் வரவில்லை. கிரேட் நிக்கோபாரில் முப்பது வருஷமாகக் குடித்தனம் செய்கிறவள். அங்கே அரிசி எத்தனை மூட்டை, கேஸ் எத்தனை சிலிண்டர், மருந்து எத்தனை பட்டை என்பதெல்லாம் கப்பலைப் பார்த்துத்தான். கப்பல் வந்தால் பழையதை முடிக்க வேண்டும், புதியதை வாங்க வேண்டும். அவளிடம் "அடுத்த தடவைக்குள்" என்று சொன்னால் அது கப்பல்தான். பத்துபஸ்தியில் இருந்து பேசினால் அந்த வாக்கியம் சரி. கேம்பல் பேயில் அதை அப்படியே நடத்திக் காட்டிவிட்டார்கள்.

"தலைசுத்தல் இருக்கா? வாந்தி? ரொம்ப தாகம்? அடிக்கடி யூரின் போகுதா?" மருமகன் அடுக்கிக்கொண்டே போனார். அவர் நெற்றியில் வியர்வை. ஏசி இருபத்திரண்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"வாந்தி இருந்துச்சு சார்," என்றாள் நிஷா.

"எத்தனை நாளா?"

"மூணு நாளா. கப்பல்ல."

"கப்பல்ல எல்லாருக்கும்தான் வாந்தி," என்றேன். சொல்லிவிட்டேனே தவிர நானும் ரத்தப் பரிசோதனைச் சீட்டைத்தான் தேடினேன். வைட்டமின் டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். ஏறினால் சிறுநீரகத்தில் கை வைக்கும். கூடுதலாக நாலு சாஷேயில் அவ்வளவு நடக்காது என்று புத்திக்குத் தெரியும். ஆனால் பெண்ணைப் பெற்றவள் எதிரே உட்கார்ந்து நம் முகத்தையே பார்க்கும்போது அந்தப் புத்தி எங்கேயோ போய்விடுகிறது.

கால்சியமும் சிறுநீரகப் பரிசோதனையும் எழுதி அனுப்பினோம். இதை இங்கேயே பார்த்துவிடலாம், மதியம் வரும் என்றார்கள். அதுவரை மருமகன் மூன்று பேருக்கு வேர் சிகிச்சை செய்ய வேண்டியவர், மூன்றையும் மறுநாளுக்குத் தள்ளினார். என் மகள் போனில், "ரெண்டு டாக்டர் இருந்து ஒரு பாக்கெட்டைக் குடிக்கச் சொல்லித்தரத் தெரியலையா?" என்று கேட்டாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். பதில் வரும்வரை போனை வைக்க மாட்டாள்.

இரண்டு பத்துக்கு ரிசல்ட் வந்தது. எல்லாம் சரியான அளவில். மருமகன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். உடனே அவருக்குத் தெம்பு வந்து, "பல்லு எவ்வளவு நகர்ந்திருக்குன்னு பாப்போமா மாமா?" என்றார்.

4. ரத்தம் இரண்டு பக்கமும் ஓடுகிறது

வலது பக்கம் ஒன்றரை மில்லி நகர்ந்திருந்தது. ஒரே மாதத்தில். கடந்த எட்டு மாதத்தில் இந்த வேகம் வந்ததே இல்லை.

"பாத்தீங்களா மாமா! வைட்டமின்."

"வாயை நல்லா திறந்து பாருங்க மாப்பிள்ளை. ஸ்பிரிங்."

அவர் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டு ஸ்பிரிங் குறையுதேன்னு நான் சப்ளையர்கிட்ட சண்டை போட்டுட்டேனே மாமா," என்றார், மெதுவாக.

நான் இடது பக்கத்தை அளந்தேன். மறுபடி அளந்தேன். காலிப்பரைத் துடைத்துவிட்டு மூன்றாம் தடவை அளந்தேன். நான்கு மில்லி இடம் அப்படியே இருந்தது. ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

இப்போது இருவர் கணக்குமே உதைத்தது. வைட்டமின் வலது கோரைப்பல்லுக்கு மட்டும் போய், இடதுக்குப் போகாமல் இருக்குமா? ஒரே ரத்தம்தானே இரண்டு பக்கமும் ஓடுகிறது. சரி, ஸ்பிரிங்தான் காரணம் என்றால் இடதிலும் அதே ஸ்பிரிங், அதே அலமாரி, அதே ஞாயிற்றுக்கிழமை. அங்கே அது விறைப்பாக இழுத்துக்கொண்டுதான் இருந்தது. பல்தான் வர மறுத்தது.

வேர் எலும்போடு ஒட்டிக்கொண்டுவிட்டதோ என்று பயந்தேன். அப்படியானால் ஆகஸ்ட் என்ன, அடுத்த ஆகஸ்டுக்கும் நகராது. விளக்கை இழுத்து, பிராக்கெட்டில் கம்பி உட்காரும் காடியில் கொக்கி போன்ற முனையை விட்டுப் பார்த்தேன். முனை உள்ளே இறங்கவில்லை. காடி முழுக்கக் கண்ணாடி மாதிரி ஏதோ உறைந்திருந்தது.

"இந்த பிராக்கெட் எப்பவாவது கழண்டுதா?"

நிஷா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கதவு வழியே வரவேற்பறைச் சுவரில் கைகுலுக்கும் பல்லைப் பார்த்தாள்.

"கொப்பரை கடிச்சா டாக்டர் சாப். போன தடவை ஊர் போய் இறங்கின ரெண்டாம் நாளே. பல்லைவிட்டு வந்து கம்பியில தொங்குச்சு. ஒரு சின்ன இரும்புத் துண்டுக்கு ஆஸ்பத்திரி எதுக்குன்னு அவ அப்பாவே பஞ்சால துடைச்சு ஒரு சொட்டு க்ளூ வெச்சு ஒட்டிட்டாரு. டிங்கி படகு இன்ஜின் எல்லாம் அவர்தான் சரி பண்ணுவாரு. கை சுத்தம். அசையவே இல்ல பாருங்க."

"அசையவே இல்லை. அதுதான் கஷ்டம்," என்றேன்.

கடையில் விற்கிற சூப்பர் க்ளூ. ஒரு சொட்டு பல்லுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே, மிச்சம் வழிந்து காடிக்குள் போய்க் கம்பியையும் பிராக்கெட்டையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. வண்டியைத் தண்டவாளத்தோடு பற்றவைத்துவிட்டு இரண்டு டாக்டர்கள் ஒரு பக்கம் இன்ஜினையும் மறுபக்கம் டீசலையும் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

"வாய்க்குள்ள போற பசையாம்மா அது? உதடு ஒட்டிக்கிட்டிருந்தா?"

"எனக்கு உதடு ஒட்டல சார். அப்பாவோட விரல்தான் ஒட்டிக்கிச்சு," என்றாள் நிஷா. "அரை மணி நேரம் என் பல்லைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு." சொல்லிவிட்டு வாயை மூடாமல் சிரித்தாள். முழு வரிசையும் தெரிந்தது. பல் பாதி வழி வந்ததற்கே அந்தச் சிரிப்பு என்றால் முழுதும் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன்.

கம்பியை வெட்டி எடுத்து, புது பிராக்கெட் ஒட்டி, புதுக் கம்பி போட ஐம்பது நிமிடம் ஆயிற்று. அவளைக் கப்பலுக்குத் திருப்பி அனுப்பவில்லை. அத்தை வீடு இங்கேயே இருக்கிறது, ஆகஸ்ட் வரை அங்கே இருக்கட்டும் என்று சொன்னேன். தினமும் வெயிலில் கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"கறுத்துட்டா சார்?"

"கறுத்தா கறு. பல் வெள்ளையாத் தெரியும்."

5. கையை நீட்டு

அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வந்தாள். முதலில் குடையோடு, பிறகு குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு, ஜூலையில் மழை கொட்டும்போதுகூடக் குடை இல்லாமல். வலது பக்கம் ஜூலையில் மூடிவிட்டது. ஆகஸ்ட் 6 அன்று இடது பக்கத்தில் ஒரு மில்லி பாக்கி இருந்தது.

"இன்னும் ஒரு மாசம் இருந்தா முழுசா மூடிடுவேன்," என்றேன்.

"ஒரு மாசம் இல்ல சார். எட்டு நாள்தான் இருக்கு. சிரிச்சா தெரியுமா?"

கண்ணாடியைக் கொடுத்தேன். அவளே சிரித்துப் பார்த்தாள். இடைவெளி கோரைப்பல்லுக்குப் பின்னால் நிழலில் ஒளிந்திருந்தது.

"எடுத்துடுங்க சார்."

என் தொழில் கணக்குப்படி அரைகுறை வேலை. எடுத்தேன். உள்பக்கம் தெரியாமல் ஒரு மெல்லிய கம்பி ஒட்டி, பற்கள் திரும்பிப் போகாமல் பிடித்துவைத்தேன். அவள் எழுந்து போகும்போது கழற்றிய பிராக்கெட் எல்லாவற்றையும் ஒரு பஞ்சில் வைத்து, "அப்பாகிட்ட குடு. ஒட்டிப் பழகட்டும்," என்றேன்.

ஆகஸ்ட் 14 மாலை சென்னையிலிருந்து போன் வந்தது. மருமகன் ஸ்பீக்கரில் போட்டார்.

"செலக்ட் ஆயிட்டேன் சார்!"

"பல்லைப் பார்த்தாங்களா?" என்றேன்.

"கம்பி இருக்கான்னு மட்டும் பார்த்தாங்க. வாசல்லயே. உள்ளே போனதும், சுவத்துல கோடு போட்டிருந்தாங்க, குதிகாலை எக்கிக் கையை மேல நீட்டித் தொடச் சொன்னாங்க. ப்ளேன்ல மேல் பெட்டி எட்டுதான்னு பாக்கவாம். நிறைய பேருக்கு எட்டல. எனக்கு எட்டிடுச்சு. அப்புறம் இங்கிலீஷ், ஹிந்தி. எங்க ஊர்ல எல்லாரும் ஹிந்திதானே."

"கலரைப் பத்தி?"

"யாரும் கேக்கல சார்."

மறுநாளே மருமகன் அவளுடைய முன்-பின் படங்களை கிளினிக்கின் இணையப் பக்கத்தில் போட்டார். கீழே "வைட்டமின் செய்த மாயம்" என்று எழுதியிருந்தது. நிஷாவிடம் கேட்டுத்தான் போட்டார். அவளுக்கு மாயத்தைப் பற்றிக் கவலை இல்லை, படம் நன்றாக இருந்தால் போதும். "மாப்பிள்ளை, ஸ்பிரிங் செய்த மாயம்னு ஏன் போடலை?" என்று கேட்டேன். "நீங்க மாட்டினது ரகசியம்தானே மாமா," என்றார்.

இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். வைட்டமினைக் கொடுத்தால் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். ஸ்பிரிங்கை மாட்டினால் வைட்டமினைக் கொடுக்கிறவர் காதில் போட்டுவிட்டு மாட்டுங்கள். அந்த வலது பக்கப் பல்லை நகர்த்தியது எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, மருமகனுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வாய்ப்பை, அவர் போஸ்டருக்காகவும் நான் வீம்புக்காகவும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து கெடுத்தோம். மருந்து எத்தனை நாள் என்று சொல்லும்போது கிழமையையும் தேதியையும் சொல்லுங்கள். "அடுத்த தடவை" என்பது யாருக்கு எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியாது.

மாதக் கடைசியில் மருமகன் ஒரு பில்லை மரியாதையாக இரண்டு கையாலும் கொடுத்தார். பந்தயத்தில் தோற்ற வைட்டமின் டெஸ்ட் ஆயிரத்து அறுநூறு. எட்டு சாஷே முந்நூற்று இருபது. அலமாரியிலிருந்து போன ஸ்பிரிங் இரண்டு, எழுநூறு. கால்சியமும் சிறுநீரகமும் நானூற்று ஐம்பது. புது பிராக்கெட் இருநூற்று எண்பது. கடைசி வரியில், அந்தப் படத்தை நிறையப் பேர் பார்ப்பதற்காக இன்டர்நெட்டில் கட்டிய விளம்பரக் காசு ஐந்நூறு.

"இது எதுக்கு மாப்பிள்ளை என் கணக்குல?"

"வேலையில பாதி உங்களோடதுதானே மாமா."

மகளைப் பார்த்தேன். "கட்டிருங்கப்பா," என்றாள்.

மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.